எடுத்தவன் கொடுத்துவிட்டுப் போனது

ஆங்கிலத்தில் 'டேக்' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. அதன் கதையில் முதல் பலி ஓர் அரசாங்க அலுவலர்.

கி.பி. 789 வாக்கில் இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்லாந்து அருகே மூன்று கப்பல்கள் வந்து ஒதுங்கின. அரசனின் அதிகாரி பெயாடுஹெர்டு கடமை தவறாதவர். வந்திருப்பவர்கள் வியாபாரிகள்தான் என்று முடிவுகட்டி, குதிரையைத் தட்டிக்கொண்டு போய், எல்லாரும் டார்செஸ்டருக்கு வந்து முறைப்படி ஆஜராகுங்கள் என்று அதட்டினார். வந்திருந்தவர்கள் வைக்கிங்குகள். அவர்களுக்கு ஆஜராகும் பழக்கமும் இல்லை, ரசீது வாங்கும் பழக்கமும் இல்லை. அதிகாரியை அங்கேயே வெட்டிப் போட்டார்கள்.

அடுத்து 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடம். பொன்னும் வெள்ளியும் நிறைந்த இடம். காவலுக்கு ஜெபம் மட்டும். கடற்கொள்ளைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தக் காலத்து ஆங்கிலேயனுக்கு 'எடு' என்று சொல்ல 'நிமன்' என்ற சொந்தச் சொல் இருந்தது. ஜெர்மானியர் இன்றும் சொல்லும் 'நேமன்' அதற்குக் கூடப்பிறந்தது. வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் அதற்குச் சொல் 'டாக்கா'. வங்கதேசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கை வைப்பது, பற்றுவது, கொண்டுபோவது என்று மூன்றையும் அந்த ஒரே சொல் பார்த்துக்கொண்டது. தொழிலுக்குத் தோதான வினைச்சொல்.

865-ல் பெரும்படையாகவே வந்து இறங்கினார்கள். ஆல்ஃபிரட் அரசன் 878-ல் சதுப்பு நிலத்தில் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. அங்கே ஒரு குடியானவள் அடுப்பில் வைத்த ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல, மன்னர் அதைக் கருகவிட்டுத் திட்டு வாங்கினார் என்று கதை. அது கட்டுக்கதைதான். ஆனால் நாட்டையே கோட்டைவிட்டு நின்றவர் ரொட்டியையும் விட்டிருப்பார் என்று ஜனங்கள் நம்பியதில் தப்பில்லை. அதே வருஷம் ஆல்ஃபிரட் திருப்பி அடித்து வென்றார். தோற்ற டேனிய வைக்கிங் தலைவன் குத்ரம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். ஞானத்தந்தை வேறு யார், ஆல்ஃபிரட்தான். சொந்தபந்தம் ஆகிவிட்ட பிறகு பாகப்பிரிவினை வர வேண்டுமே! நாட்டின் வடக்கும் கிழக்கும் டேனியர் வசமாயின.

இந்த மரியாதையும் நிலைக்கவில்லை. 991-ல் மால்டன் போரில் ஆங்கிலேயர் தோற்றார்கள். எதெல்ரெட் அரசனுக்கு ஓர் அருமையான யோசனை சொல்லப்பட்டது: காசு கொடுத்தால் போய்விடுவார்கள். 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்தார்கள். போய்விட்டார்கள். பிறகு, காசு கொடுக்கிற ஊர் இது என்று தெரிந்துகொண்டதால், திரும்பி வந்தார்கள். 994-ல் 16,000. 1002-ல் 24,000. 1012-ல் 48,000. வருஷா வருஷம் ஏறும் வீட்டு வாடகைகூட இந்த வேகத்தில் ஏறாது. கடைசியில் 1016-ல் டேனியனான கனூட்டே இங்கிலாந்தின் அரசனானான். 1018-ல் குடிகளிடம் 72,000 பவுண்டும், லண்டனிடம் தனியாக 10,500 பவுண்டும் வசூல். இதற்கிடையில் செத்துப்போன எதெல்ரெட்டின் விதவை எம்மாவைக் கல்யாணமும் செய்துகொண்டான். நாடு, கஜானா, ராணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தது ஒரு வினைச்சொல். ஆங்கிலேயர்கள் அதை மட்டும் தாமாகவே மாற்றிக்கொண்டார்கள்: 'நிமன்' வெளியே, 'டாக்கா' உள்ளே.

இது கத்திமுனையில் நடந்ததல்ல. கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் நிலம் பிடித்து, உழுது, உள்ளூரில் பெண் எடுத்துக் குடியிருந்துவிட்டார்கள். இரண்டு மொழிகளும் பங்காளி மொழிகள். மாட்டுக்கு விலை பேச அதுவே போதும். பேசப் பேச, சொல்லின் வால்பகுதிகள் தேய்ந்தன. அந்நியச் சொற்கள் ஒட்டிக்கொண்டன. சட்டத்துக்கு 'லா', புருஷனுக்கு 'ஹஸ்பண்ட்', கத்திக்கு 'நைஃப்', கோபத்துக்கு 'ஆங்கர்', எல்லாம் அந்தக் கப்பல்காரர்களின் உபயம். 'மிஸ்டேக்' கூட அவர்களுடையதுதான்.

வேலை போன 'நிமன்' என்ன ஆனது? அதுதான் பரிதாபம். 'நம்ப்' என்று மரத்துப்போன கைக்குள் ஒளிந்துகொண்டது. உணர்ச்சி 'எடுக்கப்பட்ட' கை என்று பொருள். 'நிம்பிள்' என்ற சொல்லில் சட்டென்று பிடிக்கும் சுறுசுறுப்பாகத் தொத்திக்கொண்டது. நேராகத் தலைகாட்டிய இடம் ஒன்றே ஒன்று: 17-ம் நூற்றாண்டு ஜேப்படிக்காரர்களின் குழூஉக்குறி. 'நிம்' என்றால் திருடு. ஷேக்ஸ்பியர் தன் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் ஒரு திருட்டுக் கார்ப்பரலுக்கு நிம் என்றே பெயர் வைத்துத் தூக்கிலும் போட்டுவிட்டார். கொள்ளைக்காரன் கொண்டுவந்த சொல் கோயிலிலும் கோர்ட்டிலும் புழங்க, மண்ணின் மைந்தனான சொல் திருடன் வாயில் மாட்டிக்கொண்டது.

புதிய மாப்பிள்ளையோ கொழித்தது. குளியலை 'டேக்', தேநீரை 'டேக்', நாற்காலியை 'டேக்', சத்தியப் பிரமாணத்தை 'டேக்'. நாம் சிரிக்க வேண்டாம். நாமும் ஜவுளி எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம், வாந்தியும் எடுக்கிறோம். சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியில் இந்த ஒரு வினைக்கு மட்டும் 134 பொருள்கள் கொடுத்துவிட்டார். அதற்கே ஐந்து பக்கம் போயிற்று. வைக்கிங்குகளிடம் கேட்டிருந்தால் ஒன்றோடு முடித்திருப்பார்கள்.

நடுவில் 1066-ல் நார்மன்கள் வந்ததையும் சொல்லியாக வேண்டும். அவர்களும் பிரான்ஸில் குடியேறிப் பிரெஞ்சு கற்றுக்கொண்ட வைக்கிங் வம்சம்தான். ஆனால் படித்தவர்கள் பாருங்கள், வெறுமனே எடுக்க மாட்டார்கள். 'சீஸ்' செய்தார்கள், 'கான்க்வெஸ்ட்' செய்தார்கள். பண்ணையாளுக்கு நார்ஸ் சொல், பண்ணையாருக்குப் பிரெஞ்சுச் சொல். கை என்னவோ ஒன்றுதான்.

இப்படி மூன்று தவணையாகப் பாடம் படித்த மாணவன் பிறகு தானே கப்பல் ஏறினான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நாயக்கரிடம் அனுமதி வாங்கி மதராசில் கடை போட்டது. எங்கள் ஊர்க் கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' என்றும், சுருட்டைச் 'செரூட்' என்றும், மிளகுத்தண்ணீரை 'மல்லிகடானி' என்றும் எடுத்துக்கொண்டது. அந்தத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் சொல் போதவில்லை போலிருக்கிறது. வடக்கே இந்தியிலிருந்து 'லூட்' என்பதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். கிளைவ் குடும்பத்து வாரிசுகள் சேர்த்த இந்தியப் பொருள்கள், திப்பு சுல்தானின் கூடாரம் உட்பட, வேல்ஸில் போவிஸ் கோட்டையில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால் சொல் மட்டும் மேலும் நாகரிகப்பட்டுவிட்டது. பிரிட்டனின் 1968-ம் வருஷத் திருட்டுச் சட்டம் திருடனைக்கூட 'டேக்' செய்தான் என்று சொல்வதில்லை. லத்தீன் வாடையோடு 'அப்ரோப்ரியேட்' செய்தான் என்கிறது. அருங்காட்சியகத்துக்காரர்களுக்குப் பிடித்த சொல் 'அக்வயர்'. அதுவும் லத்தீன்தான். திருடுகிறவனுக்கு நீளமான சொல் கிடைத்துவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பாவம் வைக்கிங்குகள், லத்தீன் படிக்காமல் கெட்டார்கள்.