அரசியரியல்: விழுப்புரம் பதிப்பு

அரசியரியல் என்பது யாதோ எனின், அரியணைக்காக ஆண்கள் அடித்துக்கொண்ட காலத்தில் அவர்களுடைய தாய், அக்காள், மனைவி, மகள் ஆகியோர் என்ன ஆனார்கள் என்று வகுத்துச் சொல்லும் நூல். இதற்கு எல்லை, வடக்கே தெள்ளாறு, தெற்கே கெடிலம், மேற்கே திருக்கோவலூர், கிழக்கே திருவக்கரை. நடுவே விழுப்புரம், திண்டிவனம் என்று இரண்டு பேருந்து நிலையங்கள். வெளியூர்க்காரர் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில் இறங்கி வண்டி மாற வேண்டியிருப்பதால் நூலுக்கு இவையே இரட்டைத் தலைநகரம்.

எல்லையில் ஓர் இடையூறு உண்டு. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது திருக்கோவலூரும் சேந்தமங்கலமும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்தவர்களை மாற்றல் உத்தரவு கட்டுப்படுத்தாது என்பது இந்நூலாசிரியன் துணிபு.

இனி நூலின் தேவை. இங்கிலாந்தில் 1455 முதல் 1487 வரை லங்காஸ்டர் வீட்டாரும் யார்க் வீட்டாரும் ஒரு பங்காளிச் சண்டை போட்டார்கள். ரோஜாப் போர்கள் என்று அதற்கு அழகான பெயர். அந்தச் சண்டையில் அகப்பட்ட ராணிகளைப் பற்றி நாவல் வந்தது, தொலைக்காட்சித் தொடர் வந்தது, நம்மவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே அதைவிடப் பழைய பங்காளிச் சண்டையின் பெண்கள் கல்லில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைச் சொல்ல ஒரு நூல் வேண்டாமா?

அரசகுலப் பெண்டிர் நால்வகையர்: தீயிற் புகுந்தோர், கல்லெடுத்தோர், கொடுக்கப்பட்டோர், பிடிக்கப்பட்டோர். இவற்றுள் அடங்காதார் புறனடையில் வருவர்.

தீயிற் புகுந்தோருக்குத் தலைமைச் சான்று வானவன் மாதேவி. கோவலூர் மலையமான் குலத்துப் பெண். சுந்தர சோழனுக்கு வாழ்க்கைப்பட்டவர், ராஜராஜனுக்குத் தாய். கணவர் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது உடன் தீப்பாய்ந்தார். பிறந்த ஊரான திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இதைப் பாட்டாகவே சொல்கிறது. பால்குடி மறவாத பிள்ளையைப் பிரிந்து போனார் என்று உருகுகிறது.

இங்கே ஒரு கடா. சுந்தர சோழன் இறந்தது 973 வாக்கில். ராஜராஜன் முடிசூடியது 985இல். அப்படியானால் அந்தப் பால்குடி யார்? விடை: ராஜராஜனாக இருக்க முடியாது. பின்னால் பிறந்த வேறொரு பிள்ளையாக இருக்கலாம். அல்லது, வெறும் தீ போதாது, கூடவே ஒரு குழந்தை அழுதால்தான் பாட்டு எடுபடும் என்று கல்வெட்டுக் கவிஞர் நினைத்திருக்கலாம். கவிஞர்களை அறிந்தோர் இரண்டாவதையே கொள்வர்.

அதே கல்வெட்டு இன்னொரு தீயையும் சொல்கிறது. பாரி இறந்தபின் அவன் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே கபிலர் தீப்புகுந்த கதை. ஒரே கல்லில் ஒரு கொடை, இரண்டு தீ. வகைப்பாட்டியலாருக்கு இதைவிடச் சிக்கனமான சான்று கிடைக்காது.

இவ்வகையில் அடுத்தவர் வீரமாதேவி. ராஜேந்திர சோழனின் தேவியருள் ஒருவர், அவன் இறந்ததும் தீப்புகுந்தவர். அவர் தாகம் தணியத் தண்ணீர்ப்பந்தல் வைக்க நிவந்தம் விட்டவர் அவருடைய உடன்பிறந்த சேனாபதி. கல்வெட்டு பிரமதேசத்தில் இருக்கிறது. திண்டிவனத்துக்காரர் இதைக் கேட்டவுடன் நம்ம ஊர் என்பார். எண்ணாயிரத்துக்காரரும் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பிரமதேசம் உண்டு என்பார். இருவரும் மன்னிக்க வேண்டும். அது செய்யாற்றுப் பக்கத்துப் பிரமதேசம், திருவண்ணாமலை மாவட்டம். ஊரை இழந்த வருத்தத்துக்கு மருந்தாக ஒன்றைக் கவனிக்கலாம். கணவனுக்காக உடன்பிறந்தவள் தீயில் இறங்கிய பிறகு, அவளுக்குத் தாகம் எடுக்குமே என்று நினைத்தது பிறந்த வீடுதான்.

ஒரு சாரார், தீயிற் புகுதலே அரசகுல மகளிருக்கு இயல்பு என்பர். அது பொருந்தாது. இதே சோழ வீட்டில், இதே இரண்டு தலைமுறைக்குள், புகாதவர் ஒருவர் இருந்தார். அவரால்தான் இரண்டாம் வகை தோன்றிற்று.

செம்பியன் மாதேவி. கண்டராதித்தன் மனைவி. 957 வாக்கில் கணவர் இறந்தபோது கையில் மகன் உத்தமன் சின்னக் குழந்தை. அரியணை கொழுந்தன் அரிஞ்சயனுக்குப் போயிற்று, அவனிடமிருந்து அவன் மகன் சுந்தர சோழனுக்கு. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். அதன்பின் இளையவன் அருண்மொழிக்கு, அதாவது பின்னாளைய ராஜராஜனுக்கு, வரவேண்டிய முறை உத்தமனுக்கு வந்தது. கொன்றது யார், கொல்லச் சொன்னது யார் என்பதில் பொன்னியின் செல்வன் வாசித்த ஒவ்வொருவரிடமும் ஒரு தீர்ப்பு இருப்பதால் இந்நூல் அதில் தலையிடாது. நமக்கு வேண்டியது அந்த விதவை. கணவர் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தார். தம் மகன் அரசனானதைப் பார்த்தார், மகனுக்குப் பின் ராஜராஜன் வந்ததையும் பார்த்தார். அரசர் மாற மாற அவர் செங்கற் கோயில்களைப் பிரித்துக் கற்றளியாக எடுத்துக்கொண்டே போனார். அவருடைய கடைசிப் பணிகளில் ஒன்று 1001இல் திருவக்கரைச் சந்திரமௌலீசுவரர் கோயில். இன்று பௌர்ணமிக்கு வக்கிரகாளியைக் கும்பிட வரும் கூட்டத்துக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் கூட்டம் சுற்றி வருவது அவர் கல்லெடுத்த வளாகத்தைத்தான்.

இங்கிலாந்தில் இவருக்கு நேர் எடுத்துக்காட்டு மார்கரெட் போஃபர்ட். கணவன் 1456இல் இறந்தான். 1457இல், பதின்மூன்று வயதில், விதவையாகவே பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளை 1485இல் ஏழாம் ஹென்றியாக முடிசூடும் வரை காத்திருந்தாள். பிறகு கேம்பிரிட்ஜில் கல்லூரிகளுக்கு அடித்தளம் போட்டாள். மகன் வென்றபின் தாய் கல்லெடுப்பாள் என்று விதி செய்யலாமா என்றால், செய்யலாகாது. செம்பியன் மாதேவி மகன் முடிசூடும் முன்பும் எடுத்தார், மகன் போன பின்பும் எடுத்தார். வென்றவன் பங்காளி மகனாக இருந்தாலும் அவர் கை நிற்கவில்லை. அந்தப் பங்காளி மகனும் அவர் கையைத் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் 1483இல் சித்தப்பன் அரசனானதும் லண்டன் கோபுரத்தில் இருந்த அண்ணன் பிள்ளைகள் இருவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்பதை இதோடு வைத்துப் படிக்கவும்.

வானவன் மாதேவியையும் செம்பியன் மாதேவியையும் கல்வெட்டுகள் ஒரே மரியாதையோடு சொல்கின்றன. இந்நூல் அந்த நடுநிலையைப் பின்பற்றாது. இருந்தவரே பெரியவர்.

கல்லெடுத்தோருள் இன்னொரு உட்பிரிவு உண்டு: அக்காள். திண்டிவனம் வட்டத்துத் தாதாபுரத்துக்குப் பழைய பெயர் ராஜராஜபுரம். அங்கே 1006ஆம் ஆண்டளவில் ராஜராஜனின் அக்காள் குந்தவை மூன்று கோயில் எடுத்தார்: சிவனுக்கு ரவிகுல மாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரம், சமணருக்குக் குந்தவை ஜினாலயம். முதலிரண்டும் நிற்கின்றன. மூன்றாவதைக் கல்வெட்டில்தான் பார்க்கலாம். பொன், வெள்ளி, முத்து என்று கொடுத்ததன் பட்டியலும் இருக்கிறது. கல்வெட்டு அவரை எப்படி அடையாளம் சொல்கிறது என்று கவனியுங்கள். பொன்மாளிகையில் துஞ்சிய தேவரின் மகள், வல்லவரையர் வந்தியதேவரின் தேவி. பொன்னும் முத்தும் அவருடையவை, முகவரி மட்டும் அப்பாவுடையதும் வீட்டுக்காரருடையதும். இன்றைய ரேஷன் கார்டு எழுதுவோர் இந்த மரபை வழுவாமல் காத்து வந்திருக்கிறார்கள்.

ஆனாலும் அக்காள் என்பது எளிய பதவியன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் யார் யார் கொடுத்ததைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று ராஜராஜன் ஆணையிட்டபோது தான் கொடுத்தது முதலிலும், அக்காள் கொடுத்தது அடுத்தும், தன் பெண்டுகள் கொடுத்தது அதற்குப் பிறகும் வந்தது. அரண்மனையில் அன்றிரவு என்ன பேசினார்கள் என்பது கல்வெட்டியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கொடுக்கப்பட்டோரைச் சுருக்கமாகச் சொல்லலாம், முறை மட்டும் புரிந்தால். ராஜராஜனின் மகள் இளைய குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுக்கப்பட்டாள். அவள் மகன் ராஜராஜ நரேந்திரன் தாய்மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கை தேவியைக் கட்டினான். அவர்கள் மகனும் தன் தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியைக் கட்டினான். சோழ நேர்வழி 1070இல் அறுந்தபோது அந்த மாப்பிள்ளையே முதற் குலோத்துங்கனாகச் சோழ அரியணையில் வந்து உட்கார்ந்தான். இரண்டு தலைமுறை மாமன் மகள். நம்மூரில் இதற்கு உரிமை என்று பெயர், கேட்டு வாங்குவது. ஏழாம் ஹென்றியும் யார்க் வீட்டு எலிசபெத்தும் 1486இல் மணந்து சண்டையை முடித்தபோது, உறவு நெருக்கம் என்று போப்பிடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. போப் சோழநாட்டுக்கு வந்திருந்தால் வேறு வேலை பார்க்க நேரம் இருந்திருக்காது.

பிடிக்கப்பட்டோர் வகையில்தான் ஆள் அதிகம், பெயர் குறைவு. இதிலும் இரண்டு விதம். முதலாவது காகிதத்தால் பிடிக்கப்படுவது, அதாவது ஓலையால். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிக்கும் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. குற்றவாளிகளோடு நிற்காமல் அவர்கள் பிள்ளைகள், மனைவிமார், பெண் கொடுத்த மாமனார், தாய்மாமன், அவர்களுடன் பிறந்த பெண்களைக் கட்டியவர், அவர்கள் மகள்களைக் கட்டியவர் என்று போகிறது. கொலைக்குக் கத்தி பிடித்தவர் நான்கு பேராக இருக்கலாம், உறவுமுறையில் சிக்கியது ஒரு கல்யாண மண்டபம். இதை எழுதிய அதிகாரிக்கு உறவு வரிசை மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது. பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு இரண்டையும் விடவில்லை.

இரண்டாவது விதம் படையால் பிடிக்கப்படுவது. 1231 வாக்கில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜ சோழனைத் தெள்ளாற்றில் வென்று சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். சோழனுக்குத் துணையாகப் போசளன் நரசிம்மன் தன் தண்டநாயகர்களை அனுப்பினான். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் திருவகீந்திரபுரத்துக் கல்வெட்டு வெட்கமில்லாமல் சொல்கிறது. ஊர்களை அழித்தார்கள், சுட்டார்கள், பெண்டுகளைப் பிடித்தார்கள், கொள்ளை கொண்டார்கள். இவையெல்லாம் சாதனைப் பட்டியலில் வருகின்றன. சிறைப்பட்ட சோழனுக்குப் பெயர் இருக்கிறது, சிறைவைத்தவனுக்கு விருது இருக்கிறது, மீட்ட தளபதிகள் இருவர் பெயரும் இருக்கிறது. கெடிலத்துக்கும் பெண்ணைக்கும் இடையே பிடிபட்ட பெண்களில் ஒருத்தி பெயரும் இல்லை. அவர்கள் அரசகுலமும் இல்லை, நூலின் தலைப்புக்குள் வரமாட்டார்கள் என்று ஒரு மாணாக்கன் ஆட்சேபித்தான். தலைப்பை மாற்றிக்கொள்ளலாம், அவர்களை விட முடியாது.

இனிப் புறனடை. இதற்கு இடம் செஞ்சி. 2025இல் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒன்று இதுதான். ராஜகிரியைப் பார்த்துவிட்டு எதிரே இருக்கும் கிருஷ்ணகிரியைக் கேட்டால் ராணிக் கோட்டை என்பார்கள். எந்த ராணி என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கின் ராணி என்பது பலர் நினைப்பு. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது தேசிங்கு இறந்தான். மனைவி தீப்புகுந்தாள். அவள் நினைவாக நவாபே ஓர் ஊருக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தான் என்பது வழங்கிவரும் செய்தி. எல்லோருக்கும் மாவட்டம் கிடைத்த அதே 2019இல் அவளுக்கும் ஒரு மாவட்டம் கிடைத்தது. தீயிற் புகுந்தோர் வகையில் இவ்வளவு பெரிய நிலப்பரப்பு வேறு யாருக்கும் இல்லை.

ஆனால் செஞ்சியில் வாழ்ந்த ராணிகளில் வகைக்குள் நிற்காதவள் வேறொருத்தி. சிவாஜியின் மகன் ராஜாராம் 1689இல் செஞ்சிக்குத் தப்பி வந்தார். முகலாயர் எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல் கோட்டையைப் பிடித்தபோது அவர் முன்கூட்டியே வேலூருக்கு நழுவிவிட்டார். விட்டுவிட்டுப் போன மனைவி மக்கள் எதிரி கையில் சிக்கினர். அவருடைய மனைவியருள் ஒருத்தி தாராபாய், 1696இல் செஞ்சியில் ஆண்பிள்ளை பெற்றவள். 1700இல் கணவர் இறந்ததும் அவள் தீயைப் பார்க்கவில்லை. பிள்ளையை அரியணையில் வைத்து, அவுரங்கசீப்போடு போரைத் தானே நடத்தினாள். அவுரங்கசீப் இறந்ததும் கணவரின் அண்ணன் மகன் சாகு உரிமை கேட்டு வர, அவனோடும் சண்டை. இதற்கு நடுவே, செஞ்சியில் தேசிங்கின் மனைவி தீப்புகுந்த அதே 1714இல், சக்களத்தி ராஜஸபாய் தன் மகனைக் கோலாப்பூர் அரியணையில் ஏற்றித் தாராபாயையும் மகனையும் சிறையில் தள்ளினாள். இங்கிலாந்தின் வகைப்பாட்டில் சக்களத்தி இயல் என்று ஒன்று கிடையாது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு ராணிதான். அந்தக் குறையால் அவர்கள் வரலாறு கொஞ்சம் ஏழைதான்.

மகனுக்காகப் படை நடத்தியவள் என்ற அளவில் ஆறாம் ஹென்றியின் ராணி அஞ்சோவின் மார்கரெட்டை இவளோடு வைக்கலாம். ஆனால் 1471இல் டியூக்ஸ்பரிப் போரில் மகன் இறந்ததோடு மார்கரெட்டின் ஆட்டம் முடிந்தது. பிறகு பிரெஞ்சு அரசன் பணம் கொடுத்து மீட்டான், 1482இல் வறுமையில் இறந்தாள். தாராபாய் மகன் இறந்த பிறகும் விடவில்லை. சாகு இறந்ததும், இதோ என் பேரன், ஒளித்து வளர்த்தேன் என்று ஒரு பையனை அரியணைக்குக் கொண்டுவந்தாள். பையன் முதலமைச்சரான பேஷ்வா பக்கம் சாய்ந்ததும் அவனைச் சாத்தாராக் கோட்டையில் அடைத்து, இவன் என் பேரனே இல்லை என்றாள். ஜேஜுரியில் கண்டோபா சந்நிதியில் சத்தியமும் செய்தாள்.

ஒரு சாரார் இவளைப் பிடிக்கப்பட்டோரில் சேர்ப்பர், சிறையிலிருந்தாள் ஆதலால். மற்றொரு சாரார் அவளே ஓர் அரசனைப் பிடித்து வைத்தாள் ஆதலால் பிடித்தோர் என்று ஐந்தாம் வகை வேண்டும் என்பர். ஒரே ஆளை வைத்து வகை செய்யலாகாது என்பது இலக்கணம். இந்த வாதம் நடந்துகொண்டிருக்கையில், அவளை எதிர்த்த பேஷ்வா பாலாஜி பாஜிராவ் பானிபட்டுத் தோல்விக்குப் பின் 1761 ஜூனில் இறந்தார். அவள் அதே ஆண்டு டிசம்பரில், எண்பத்தாறாம் வயதில்.