மூக்கில் தொடங்கும் ஆங்கிலம்

கேள்வி: ஒரே நீளம், ஒரே தொடக்கம், பொருளிலும் உறவு! இப்படி ஆங்கிலச் சொற்கள் உண்டா?

பதில்: ஒரு குடும்பமே உண்டு. எல்லோருக்கும் மூக்குதான் குலதெய்வம்! ஸ்னோர் என்றால் குறட்டை. ஸ்னார்ட், மூக்கால் சீறுவது. ஸ்னிஃப், மோப்பம் பிடிப்பது. ஸ்னவுட், விலங்கின் நீண்ட மூஞ்சி. ஸ்னஃப், மூக்குப்பொடி, இது டச்சு மொழியிலிருந்து வந்து சேர்ந்த மருமகள். ஐந்தும் ஐந்தெழுத்து; ஐந்துக்கும் எஸ், என் தான் தொடக்கம். அந்த 'ன்' ஒலியே மூக்கு வழியாகத்தானே வருகிறது!

தும்மலைக் குறிக்கும் ஸ்னீஸுக்கு ஆறெழுத்து. ஆனால் அதன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் அது எஃப், என் என்று தொடங்கியது. அந்தக் கால நீண்ட 'எஸ்' பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும். அதனால் மாற்றிப் படித்து, அதுவே நிலைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தும்மல் தப்பி வந்து மூக்குக் குடும்பத்திலேயே சேர்ந்துகொண்டது எவ்வளவு பொருத்தம்!

இப்படித் தொடக்க ஒலியும் பொருளும் ஒட்டி நடப்பதற்கு, ஆங்கில மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபிர்த் 1930இல் 'ஃபோனஸ்தீம்' என்று பெயர் வைத்தார். விதி என்று எண்ணிவிடாதீர்கள்: பாம்பான ஸ்னேக்கும் நத்தையான ஸ்னெய்லும் அதே ஐந்தெழுத்துதான், மூக்கோடு உறவே இல்லை.

நம் மூக்கையும் மூச்சையும் பாருங்கள். இரண்டும் மூன்றெழுத்து, இரண்டும் 'மூ'வில் தொடக்கம். மூக்கை லேசாகப் பொத்திக்கொண்டு 'மூ' என்று சொல்லிப் பாருங்களேன்!