இலை மடிச்சாச்சு, எந்திரிக்க விடமாட்டேங்கறாங்க!

கண்ணு, நீ பெரிய ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் கோஆர்டினேட்டர் ஆயிட்டீன்னு உன்ற அம்மா ஊரு பூராச் சொல்லிட்டுத் திரியறா. சந்தோசம். உள்ள வர்றவங்களுக்கு ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், செக்யூரிட்டி எல்லாம் ஏற்கனவே வாசல்ல நிக்குது. வெளிய போறவங்களுக்குன்னு படிச்ச ஆளு ஒருத்தனைச் சம்பளம் போட்டு வெச்சிருக்காங்கன்னா, அங்கிருந்து வெளிய போறது எம்மாம் பெரிய வித்தைன்னு இந்த அப்புச்சிக்கு வெளங்கிப் போச்சு.

அந்த வித்தையை நானும் கண்ணால பார்த்தவன்தான். வெடியால 9 மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றார். "ஐயா, நல்லாயிட்டீங்க, இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்"கறார். பக்கத்துக் கட்டில்காரர் அந்த நிமிசமே வேட்டியைக் கட்டி, தலையைச் சீவி, தூக்குப்போசியைப் பையில போட்டுக் கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டார். கையில மருந்து ஏத்தற ஊசி மட்டும் பிளாஸ்திரி போட்டபடியே இருக்குது. மத்தியானம் எல்லாருக்கும் சோறு வருது, அவருக்கு இல்லை. கேட்டா, "உங்களுக்கு டிஸ்சார்ஜ் எழுதியாச்சுங்க, சாப்பாட்டு லிஸ்ட்டுல பேரு இல்லீங்க"ன்னு பதில். சோத்துல பேரை அடிச்சவங்க பில்லுல மட்டும் பத்திரமா வெச்சிருந்தாங்க. மனுசன் பொழுதோட 6 மணி வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தார்.

இதுல யாரு மேல குத்தம்னு தேடாத கண்ணு, ஒருத்தர் மேலயும் இல்லை. அதுதானே இதுல அழகே! சின்ன டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் பண்ணி வெச்சுட்டார். பெரிய டாக்டர் கையெழுத்துப் போடோணும், அவரு தியேட்டருக்குள்ள போயிட்டார். நர்ஸம்மா மீந்த மருந்து, ஊசி, சலைன் பாட்டில் எல்லாம் எண்ணி வெச்சுட்டா. அதைப் பார்மஸிக்குக் கொண்டுபோற பையன், இன்னொருத்தரை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போயிட்டான். மருந்து திரும்புனாத்தான் பில், பில் வந்தாத்தான் இன்சூரன்சு. எல்லாரும் அவங்கவங்க சோலியைச் சரியாத்தான் பாக்கறாங்க. கட்டில்தான் நகரமாட்டேங்குது.

கேட்டா, "இன்சூரன்சுக்காரன் லேட் பண்றான்"னு ஒரு வார்த்தை வெச்சிருக்கீங்க. நல்ல வார்த்தை, விட்டுப்போடாத. ஆனா இந்தக் கெழவனும் பேப்பர் படிக்கறவன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாசமே சொல்லிப்போட்டுது: டிஸ்சார்ஜுக்கு அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி அனுப்புன 3 மணி நேரத்துக்குள்ள கம்பெனி பதில் சொல்லோணும். அதுக்கு மேல இழுத்து ஆஸ்பத்திரி எச்சாக் காசு கேட்டா, கம்பெனி தன்ற பங்குதாரர் பணத்துல இருந்து குடுக்கோணும். அந்த 3 மணி நேரம், நீங்க அனுப்புனதுக்கப்புறந்தான் ஓட ஆரம்பிக்கும் கண்ணு. 9 மணிக்குச் சொன்ன டிஸ்சார்ஜுக்கு 2 மணிக்குக் காயிதம் அனுப்பிப்போட்டு, அவனை வையறது நல்ல சாமர்த்தியம்!

அப்படியே அனுப்புனாலும் அங்கிருந்து ஒரு கேள்வி வரும், "இவருக்கு எத்தனை வருசமாச் சக்கரை?"ன்னு. கேஸ் சீட்டுல ஒரு எடத்துல 3 வருசம், இன்னொரு எடத்துல 10 வருசம். சின்ன டாக்டரை ஆள் விட்டுத் தேடோணும், அவரு டியூட்டி முடிஞ்சு தூங்கப் போயிருப்பார். சேர்த்த அன்னைக்கே ஒருக்காச் சரியாக் கேட்டு எழுதியிருந்தா அரை மணி நேரச் சோலி.

"போகட்டும், சாயங்காலந்தானே"ன்னு நெனைச்சா, ஒரு கணக்குப் போட்டுப் பாரு. உன்ற வார்டுல 30 கட்டில். ஆளுக்குச் சராசரி 5 நாள்னா, தெனம் 6 பேர் போயி 6 பேர் வரோணும். போற 6 பேரும் ஆளுக்கு 6 மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா 36 மணி நேரம். ஒரு கட்டிலுக்கு நாளைக்கு 24 மணி நேரம். ஆகமொத்தம் ஒன்றரைக் கட்டில் சீக்கே இல்லாதவங்களுக்கு! அந்தக் கட்டில் காலியானாத்தான் ஐசியூவுல தேறுனவர் வார்டுக்கு வருவார். அவரு வந்தாத்தான் கீழ எமர்ஜென்சியில ஸ்ட்ரெச்சர்லயே கெடக்கறவர் ஐசியூவுக்குப் போவார். கல்யாணப் பந்தியில சாப்பிட்டு இலையை மடிச்சவரை "ரசீது வரட்டும், உக்காருங்க"ன்னு அமுக்கி வெச்சுட்டு, பின்னால நிக்கறவங்ககிட்ட "எடம் பத்தலை, மண்டபத்தைப் பெருசாக் கட்டோணும்"னு சொல்ற கதை இது. உங்க முதலாளியும் புது பிளாக் கட்டப் போறாருன்னு கேள்விப்பட்டேன்.

சரி, கிண்டல் போதும், கேட்டுக்க. சேர்க்கற அன்னைக்கே எந்த நாள் போவாருன்னு உத்தேசமா ஒரு தேதியைக் கட்டில் தலைமாட்டுல எழுதச் சொல்லு. தப்பினாத் திருத்திக்கலாம். சம்மரியை மொதநாள் ராத்திரியே அடிச்சு வெக்கச் சொல்லு. ரவுண்ட்ஸுல வீட்டுக்குப் போறவங்களை மொதல்ல பாக்கச் சொல்லி, பெரிய டாக்டர் தியேட்டருக்குள்ள போறதுக்கு முந்திக் கையெழுத்தை வாங்கிப்போடு. மருந்து திருப்பறதுக்குன்னு ஒரு ஆளை வெச்சுக்க. வீட்டுக்காரங்ககிட்டயும் கேளு: வண்டி எப்ப வரும், பணம் கட்டற மகன் எந்த ஊருல இருக்கறான், அன்னைக்கு என்ன கெழமைன்னு. செவ்வாக்கெழமை 3 மணிக்கு ஓகே வாங்கிட்டு வந்து நின்னீன்னா, நாலரை வரைக்கும் ராகுகாலம்னு பாட்டி கட்டிலைப் புடிச்சுக்குவா. அவகிட்ட எந்த ஆணையத்தோட உத்தரவும் செல்லாது.

சுருக்கா அனுப்பறேன்னு தொரத்தியும் விட்டுப்போடாத. சக்கரைக்காரரோட சம்சாரத்துகிட்ட இன்சுலின் போடறதை லிஃப்ட் பக்கத்துல நின்னு ரெண்டு நிமிசத்துல சொன்னா, அந்த அம்மணி எல்லாத்துக்கும் தலையை ஆட்டிப்போடுவா. வீட்டுக்குப் போயி அளவு மாறி, சக்கரை எறங்கி, வீட்டுக்காரர் மயங்கி அதே வாசலுக்கு வருவார். உன்ற ரெஜிஸ்டர்ல டிஸ்சார்ஜ் ஒண்ணு, அட்மிஷன் ஒண்ணு கூடும், மேனேஜருக்கு நோட்டு நெறஞ்ச சந்தோசம். ரெண்டு நாள் முந்தியே நர்ஸு முன்னால அந்த அம்மணி கையாலயே போட வெச்சுப் பாத்துக்க. ஊட்டுல பாக்க நாதியில்லாதவங்களும் இருப்பாங்க, அவங்களுக்குத் தேதி குறிக்கறதுக்கு மொதல்ல ஒரு எடத்தைத் தேடு.

இத்தனையும் மறந்தாலும் ஒண்ணை மட்டும் மறக்காத. தெனமும் சாயங்காலம் 4 மணிக்கு வார்டுல நின்னு, "நாளைக்கு யாரு வீட்டுக்குப் போறாங்க, என்ன பாக்கி?"ன்னு எல்லார்கிட்டயும் கேளு. "அதை நாளைக்குப் பாத்துக்கலாம்"னு யாரு சொல்றாங்களோ, அந்த ஒன்றரைக் கட்டிலும் அவிய மேசைக்கடியிலதான் கெடக்குது. நீயே அப்படிச் சொன்னீன்னா, உன்ற சம்பளத்துல இருந்து கட்டில் வாடகையைப் புடிக்கச் சொல்லி நானே முதலாளிக்குக் காயிதம் போடுவேன்.