தட்டு வீசத் தோதான ஊர்

பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைப்பது டிஸ்க் கால்ஃப். குறைந்த வீச்சில் முடித்தவர் கெட்டிக்காரர். இதற்கான முதல் நிரந்தர மைதானத்தை 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் அமைத்தார். 2002-இல் அவர் இறந்தபின், விருப்பப்படியே அஸ்தியையும் தட்டுகளில் கலந்து வார்த்தார்கள். (நம்மவர்கள் காவிரியோடு நிறுத்திக்கொள்கிறோம்.)

இதைச் சுவாமிமலையில் ஆடலாமா? கற்றுக்குட்டிகளுக்குத் தரை சமமாக இருக்க வேண்டுமாம். அதில் இவ்வூருக்கு நூற்றுக்கு நூறு. முருகனுக்கே மலையைக் கட்டி 60 படி வைக்க வேண்டியிருந்த சமவெளி. தண்ணீர் குறுக்கிடக் கூடாதாம். அங்கேதான் இடிக்கிறது: காவிரி, அரசலாறு, இடையில் எத்தனையோ வாய்க்கால். வயலாவது சும்மா கிடக்குமா? குறுவை, சம்பா, அறுத்த ஈரத்தில் உளுந்து. மிஞ்சுவது கத்திரி வெயில். அப்போது வீசினால், “தம்பி, நிழலுக்கு வாங்க” என்று மோர் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள்.

எறிந்தது தானாகக் கைக்குத் திரும்பும் ஆட்டக்காரர் ஒருவர்தான். அவரை இவ்வூர் ஸ்தபதிகள் சக்கரமும் கையுமாக ஐம்பொன்னில் வார்க்கிறார்கள். மற்றவர்கள் தட்டைத் தேடித்தான் போகவேண்டும். தயவுசெய்து வரப்பில் நடங்கள், உளுந்து பூத்திருக்கிறது.