ரெகுலேட்டர் புராணம்

பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? வாழைக்குத் தண்ணீர் வந்துசேர்ந்ததா?

உங்கள் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். மச்சான் பெரிய டூரிங் வண்டி வாங்கி லடாக் போகப்போவதாக வீட்டில் கோட்டி பிடித்து நிற்கிறானாம். "நீதான் அங்கன பெரிய வண்டி வச்சிருக்கியல்ல, அவன் பயப்படுத மாதிரி நாலு வார்த்தை எழுதிப் போடு" என்றீர்கள். பயமுறுத்த நான் தனியாகக் கற்பனை பண்ண வேண்டியதில்லை. நடந்ததை எழுதினாலே போதும்.

முதலில் என் வண்டி. ஐரோப்பாவில் செய்தது, ஆயிரத்து இருநூறு சிசி, நான் மூன்றாவது ஓனர். கம்பெனிப் பெயர் வேண்டாம். கடிதம் யார் கையிலெல்லாம் போகுமோ. கைப்பிடிக்கு ஹீட்டர், சீட்டுக்கு ஹீட்டர், பாட்டு கேட்க ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் பெட்டி. மெக்கானிக் கடை கூப்பிடு தூரத்தில் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும். இனி கடையே கிடையாது என்கிற இடம் வந்ததும், அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிடும்.

அடிலெய்டில் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குக் கிளம்பினேன். பெர்த்திலிருந்து 2,700 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நல்லார்பார் சமவெளி. நார்ஸ்மன் தாண்டினால் செடூனா வரைக்கும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டருக்கு ஊர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கங்கே ஒரு ரோடுஹவுஸ்: ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக்கடை, சில ரூம்கள். எட்வர்டு ஜான் ஐர் என்ற வெள்ளைக்காரரும் வைலி என்ற பூர்வகுடி வாலிபரும் 1841-இல் இந்தப் பக்கமாகத்தான் குதிரைகளோடு கடந்து போனார்கள். ஜி.யு. போப் ஐயர் நம்ம சாயர்புரத்துக்கு வந்ததற்கு முந்தின வருஷம். தண்ணீர் கிடைக்காமல் ஐர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் பேட்டரிக்குச் சார்ஜை அளந்து விடுகிற ரெகுலேட்டர் குதிரைக்குக் கிடையாது என்கிற ஒரு வசதி அவருக்கு இருந்தது.

வழியில் பல்லடோனியா ரோடுஹவுஸ். உங்களுக்கு ஸ்கைலாப் ஞாபகம் இருக்கும். 1979 ஜூலையில் அமெரிக்காக்காரனுடைய விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஊரே வளர்த்த கோழியையெல்லாம் அடித்துத் தின்றதாக நீங்கள்தான் கதை சொல்வீர்கள். அது கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்து சிதறியது. குப்பை போட்டதற்காக நாசாவுக்கு எஸ்பெரன்ஸ் ஊராட்சி 400 டாலர் அபராதம் போட்டது. நாசா கட்டவில்லை. முப்பது வருஷம் கழித்து, 2009-இல், ஓர் அமெரிக்க ரேடியோக்காரர் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார். நாசா சாமானே கேட்பாரற்றுக் கிடந்த இடத்தில் என் வண்டிக்கு மட்டும் என்ன மரியாதை கிடைத்துவிடும்?

பல்லடோனியா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு நேராகிறது. கைகுனா ரோடுஹவுஸ் வரைக்கும் 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவு இல்லை. தூத்துக்குடியில் திருப்பிய ஹேண்டில்பாரை மதுரையில் போய்த்தான் மறுபடி திருப்ப வேண்டும் என்றால் எப்படி இருக்கும்! அந்த நேர்கோட்டில்தான் நம்ம ஆள் வேலையைக் காட்டினார். முதலில் கைப்பிடி ஹீட்டர் ஆறியது. பிறகு பாட்டு நின்றது. மீட்டரில் விளக்கு மினுக்கியது. ஒரு விக்கல், இரண்டு விக்கல், அப்புறம் சத்தமே இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

நம்ம பஜாரில் வண்டி நின்றால் அரை நிமிஷத்தில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். "பிளக்கைக் கழத்து", "சோக்கைப் போடு", "ஒருக்கச் சாய்ச்சு நிமித்து" என்று ஆளுக்கொரு யோசனை. ஸ்பேனர் மட்டும் உங்கள் மெக்கானிக் கடையிலிருந்துதான் வர வேண்டும். இங்கே யோசனை சொல்ல ஒரு காக்கா இல்லை. ரோட்டில் பட்டை பட்டையாக வெள்ளை அடித்து, அவசர விமான ஓடுதளம் என்று போர்டு வைத்திருந்தார்கள். யாருக்காவது நெஞ்சுவலி என்றால் பறக்கும் டாக்டர் சர்வீஸின் விமானம் இந்த ரோட்டிலேயே வந்து இறங்கும். மனுஷனுக்கு ஆகாயத்திலிருந்து டாக்டர் வருகிற இடத்தில் வண்டிக்கு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடையாது.

ஆனால் மாமா, இந்த ரோட்டில் நின்றுபோன வண்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவர்கள் குறைவு. பென்ஷன் வாங்கியதும் வீட்டைப் பூட்டிவிட்டுக் காரவானை இழுத்துக்கொண்டு நாடு சுற்றுகிற தாத்தா பாட்டிகள் இங்கே ஏராளம். அப்படி ஒரு ஜோடி நிறுத்தியது. பாட்டி டீ போட்டார். தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் மல்டிமீட்டரோடு இறங்கினார். தன் காரிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, கேபிளை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கச் சொன்னார். 14 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 11.8. முறுக்க முறுக்க ஏறாமல் இறங்கியது. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ரெகுலேட்டர் சாக்கெட்டை உருவினார். மூன்று மஞ்சள் வயரில் ஒன்றின் முனை, அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்து இளகிக் கிடந்தது. சார்ஜ் ஏறாமல், பேட்டரியில் இருந்ததை மட்டும் தின்றுகொண்டு வண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. முதலை எடுத்துச் சாப்பிட்டால் எந்தக் கடைதான் ஓடும்?

பேட்டரிக்கு அவர் காரவான் சோலாரிலிருந்து கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, ஹெட்லைட் ஃபியூசைப் பிடுங்கி, பொழுது சாயும் முன்னே கைகுனா சேர்ந்தோம். இருட்டினால் ரோட்டில் கங்காரு குதிக்கும். ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்து முடித்து, கைகழுவிக்கொண்டு சாப்பாட்டுக்கடைக்குப் போனால், கிச்சன் மூடியாயிற்று என்றார் கடைக்கார அம்மா. எட்டு மணிக்கு மூடுவார்களாம். என் போன் ஏழரைதான் காட்டியது. விஷயம் என்னவென்றால், கைகுனாவிலிருந்து மாநில எல்லைவரைக்கும் பெர்த்தைவிட 45 நிமிஷம் முந்திய தனி நேரம் ஓடுகிறது. அரசாங்கம் போட்டதில்லை, அங்கே இருக்கிறவர்களே வைத்துக்கொண்டது. வண்டி கெட்ட துக்கத்தோடு பட்டினியும் கிடந்தேன்.

காலையில் ஒருவர் அங்கே கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். கால்கூர்லியிலிருந்து செடூனா வரைக்கும் 1,365 கிலோமீட்டருக்கு 18 குழி கொண்ட ஒரே மைதானமாம். அடுத்த குழி எங்கே என்று கேட்டேன். "கோக்கில்பிடி, 65 கிலோமீட்டர்" என்றார். அவர் நிம்மதியாகப் போய்விட்டார். அவர் கார் ஜப்பான்காரனுடையது.

வண்டியை ஏற்றிப்போக ரெக்கவரி லாரிக்காரர் சொன்ன தொகைக்கு நம்ம ஊரில் நல்ல ஸ்ப்ளெண்டர் ஒன்று புதிதாகவே வாங்கிவிடலாம். பார்ட்ஸ் கடையில் கேட்டால், கடல் தாண்டி வர வேண்டும், மூன்று வாரம் என்றார்கள். அதற்குள் பிள்ளை ஞானஸ்நானம் முடிந்து பால்பல் முளைத்துவிடும். கடைசியில் தாத்தாதான் வழி பண்ணினார். தன் ஸ்பேர் கார் பேட்டரியை என் பின்சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, வயர் இழுத்துக் கொடுத்தார். ரோடுஹவுஸ் ரோடுஹவுஸாக நின்று சார்ஜ் போட்டுக்கொண்டு, பகலில் மட்டும் ஓட்டி, செடூனா போய்ச் சேர்ந்தேன். அங்கே டிராக்டர் ரிப்பேர் பண்ணுகிற ஒருவர், வேறொரு கம்பெனி வண்டியின் பழைய ரெகுலேட்டரை எடுத்து, சாக்கெட்டை வெட்டி எறிந்து, மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று நேராக முறுக்கிப் பற்றவைத்துவிட்டார். மீட்டர் 14.2 காட்டியது. நீங்கள் முப்பது வருஷமாகச் செய்கிற அதே வைத்தியம்.

ஆகவே மச்சானிடம் சொல்லுங்கள். மணாலி–லே ரோட்டில் டாண்டி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று போர்டு இருக்கிறது. அங்கே போக எத்தனை சிசி, எத்தனை ஹீட்டர் என்பதெல்லாம் கணக்கில் வராது. வண்டி எதுவானாலும் ஒருநாள் நிற்கும். நின்றால் அதன் பார்ட்ஸ் எந்த ஊரில் கிடைக்கும் என்று ஷோரூமில் முதலில் கேட்கட்டும். ஏரலிலும் நாசரேத்திலும் கிடைக்கும் என்றால் தாராளமாக வாங்கட்டும், லடாக் போகட்டும். பெர்லினில் கிடைக்கும் என்றால், பேசாமல் தூத்துக்குடியில் ரயில் ஏறச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்