நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் ‘இடமில்லை’

அனுப்புநர்:
வெயிட்டிங் லிஸ்ட்வாசிகள் சார்பில் ஒருவன்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
ரயில்வே வாரியம்,
ரயில் பவன், புது டெல்லி.

பொருள்: பயணிகள் முன்பதிவு மென்பொருளுக்கு ஓய்வளித்துப் புதியதைப் பணியமர்த்துதல் – வாழ்த்தும் சில விண்ணப்பங்களும் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

2025 ஜூன் கடைசியில் தாங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்து ஊரே பூரித்துப்போயிருக்கிறது. நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் போடுகிற முன்பதிவு முறை இனி ஒன்றரை லட்சம் போடுமாம். நிமிடத்துக்கு 4 லட்சம் விசாரிப்புகளுக்குப் பதில் சொன்னது 40 லட்சத்துக்குச் சொல்லுமாம். பிடித்த இருக்கையை நாமே தேர்ந்தெடுக்கலாமாம். எந்தத் தேதிக்கு என்ன கட்டணம் என்று காலண்டராகவே பார்க்கலாமாம். அந்த ஆண்டு டிசம்பருக்குள் முடியும் என்று கெடுவும் வைத்திருந்தீர்கள்.

ஒரு சின்னக் கணக்குதான் உதைக்கிறது. எங்கள் ஊர் வழியாகச் சென்னைக்குப் பொதிகை உண்டு, கொல்லம் வண்டி உண்டு, சில நாள் சிலம்பு உண்டு. எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 80 படுக்கை. பழைய மென்பொருள் எண்ணினாலும் 80, புதிய மென்பொருள் எண்ணினாலும் 80. அப்படியானால் கூடுதல் வேகம் எதற்கு? ‘இடமில்லை’ என்று சொல்வதற்கு. காலை எட்டு மணிக்குத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, கிடைத்தாலும் கிடைக்கும் என்றொரு நப்பாசையாவது மிஞ்சியிருந்தது. இனி அதையும் நொடியில் தீர்த்துவைப்பீர்கள். தொழில்நுட்பம் மனிதனுக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது இதுதான் போலும்.

போகிறவரைக் குறைசொல்லி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. அதனால் பழையவருக்கு முதலில் ஒரு மாலை. அவர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் தடித்த பேரேடு இருந்தது. உங்கள் வண்டியின் பேரேடு பக்கத்துக் கவுண்டரில் இருந்தால், இந்தக் கவுண்டரில் இரண்டு மணி நேரம் நின்றது வீண். வெளியூரில் இருந்து திரும்பிவரும் டிக்கெட்டுக்குத் தந்தி அடிக்க வேண்டும். 1980-களின் நடுவில் சி.எம்.சி. நிறுவனம் ஃபோர்ட்ரானில் எழுதிய ‘இம்ப்ரெஸ்’, வாக்ஸ் கணினியில் ஏறி டெல்லியில் வேலைக்குச் சேர்ந்தது. பின்னர், 1986-இல் உருவான ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு ‘கான்செர்ட்’ என்ற மென்பொருளை எழுதி, டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களையும் 1999-இல் ஒன்றாகப் பிணைத்தது. சங்கரன்கோவிலில் நின்றபடி ஹவுராவில் இருந்து டெல்லிக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். பெரிய சாதனை. இதில் பகடி இல்லை.

அவருக்கு வயதாகிவிட்டது என்பதும் உண்மை. இப்போதைய அமைப்பு 2010-இல் நிறுவப்பட்டது, இட்டானியம் சர்வர்களில் ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது என்று 2025-இல் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அந்த இயங்குதளம் 1970-களின் கடைசியில் டெக் நிறுவனத்தில் பிறந்தது. பெற்ற டெக்கை 1998-இல் காம்பாக் விழுங்கியது. வளர்த்த காம்பாக்கை 2002-இல் எச்.பி. விழுங்கியது. இட்டானியம் சில்லு அனுப்புவதை இன்டெல் 2021-இல் நிறுத்திக்கொண்டது. பெற்றவரும் வளர்த்தவரும் போனபின்பும், உதிரிபாகமே இல்லாத உடம்போடு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார். மாற்றத்தான் வேண்டும். அதிலும் தகராறு இல்லை.

எங்கள் ஐயம் வேறு. பழைய மென்பொருள் வளைந்து கொடுக்காது, புதிய விதியைப் புகுத்த முடியாது, அதனால்தான் மாற்றுகிறோம் என்கிறார்கள். அவருடைய பணிப்பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தோம். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், பத்து சதவீத இடம் விற்க விற்கப் பத்து சதவீதம் கட்டணத்தை ஏற்று என்றீர்கள், ஏற்றினார். 2020 மார்ச் 20-இல், 60 வயது ஆண்களின் 40 சதவீதச் சலுகையையும் 58 வயதுப் பெண்களின் 50 சதவீதச் சலுகையையும் எடு என்றீர்கள், எடுத்தார். 2024 நவம்பர் 1-இல் முன்பதிவுக் காலத்தை 120 நாளில் இருந்து 60 நாளாக்கு என்றீர்கள், ஆக்கினார். 2025 ஜூலை 1-இல் மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கிலோமீட்டருக்கு 1 பைசா, ஏசியில் 2 பைசா கூட்டு என்றீர்கள். பைசா பிசகாமல் கூட்டினார். இவருக்கா வயதாகிவிட்டது? வாங்குகிற கை வாலிபம். கொடுக்கிற கைக்குத்தான் மூட்டுவலி.

காத்திருப்போர் பட்டியலை அவர் பராமரித்த அழகையும் சொல்ல வேண்டும். 2021 முதல் 2024 ஜனவரி வரை, ரத்தான வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுகளால் ரயில்வேக்கு 1,229 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் வந்ததாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டக் கேள்விக்குப் பதில் கொடுத்தீர்கள். படுக்கை போட்டுக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். போடாத படுக்கைக்கு ஆயிரம் கோடி ஈட்டிய ஊழியரை எந்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்?

கோட்டாக்கள் வேறு இருக்கின்றன. வண்டி கிளம்பும் ஊருக்கு ஒரு வரிசை, நடுவழி ஊர்களுக்கு ‘பூல்டு கோட்டா’ என்று கூட்டாக ஒரு வரிசை, தட்கலுக்கு ஒன்று, பிரீமியம் தட்கலுக்கு ஒன்று. பொதிகை புறப்படுவது செங்கோட்டையில். நாங்களோ வழியில் நிற்கிறவர்கள். இத்தனைக்கும் மேலே எமர்ஜென்சி கோட்டா. அதற்கு ஆப் கிடையாது, ஓடிபி கிடையாது, ஆதார் கிடையாது. வேண்டப்பட்டவருடைய கடிதம் போதும். அந்தக் கடிதங்கள் முந்தைய நாளே வந்து சேர வேண்டும் என்று 2025 ஜூலையில் நேரம் குறித்தீர்கள். பொதுஜனத்துக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் என்ற வேகம். பெரியவர்களுக்குக் காகிதத்தின் நிதானம். ஆனாலும் நிதானமாகப் போகிறவர்களே முதலில் படுக்கையில் ஏறிவிடுகிறார்கள். இந்தப் பழைய தொழில்நுட்பத்தை மட்டும் நவீனப்படுத்திவிடாதீர்கள். இவ்வளவு நம்பகமான ஒன்றைக் கணினியால் தர முடியாது.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம், தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் டி.எஸ்.பி. என்றொரு வங்கி, 2018 ஏப்ரலில் ஒரே வாரக்கடைசியில் தன் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் புதிய மென்பொருளுக்குக் குடியேற்றியது. திங்கள்கிழமை விடிந்தபோது லட்சக்கணக்கானோரால் தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்க முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் 19 லட்சம் பேர்வரை. நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டின் டிசம்பர் ஆனது. 2022-இல் 4.86 கோடி பவுண்டு அபராதமும் கட்டினார்கள். அதனால், கெடு வைத்துப் பண்டிகைக்காலத்தில் சாவி கைமாற்றுவது நல்ல சகுனமல்ல.

இந்த விஷயத்தில் எங்கள் ஊரிடம் ஒரு யோசனை கேட்கலாம். சங்கன் என்ற நாகன் சிவனே பெரியவர் என்றான், பதுமன் என்ற நாகன் திருமாலே பெரியவர் என்றான். கோமதி அம்மன் தவமிருந்தாள். ஒரு பாதி அரனும் ஒரு பாதி அரியுமாக ஒரே உடம்பில் வந்து நின்றார் சங்கரநாராயணர். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். பழைய மென்பொருளும் புதிய மென்பொருளும் சில மாதம் அப்படி ஒரே உடம்பில் நிற்கட்டும். ஒன்று போட்ட கணக்கை மற்றொன்று சரிபார்க்கட்டும். எது பெரியது என்ற தகராறு தானே தீரும். நாங்கள் ஏற்கெனவே ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம். இன்னும் கொஞ்ச நாள் தவம் கிடப்பதில் சிரமமில்லை.

ஆகவே, ஐயா, கீழ்க்கண்ட விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்:

1. மென்பொருளை மாற்றும்போது விதிப்புத்தகத்தை அப்படியே நகலெடுக்க வேண்டாம். நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கோட்டாக்களில் எது இன்னும் தேவை என்று கேட்க, இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கேட்காமல் ஏற்றினால் புதிய வண்டியில் பழைய சரக்குதான் போகும்.

2. சலுகையை எடுக்கத் தெரிந்த மென்பொருளுக்குத் திருப்பிக் கொடுக்கவும் சொல்லித்தாருங்கள். வயதான மென்பொருள்மீது இவ்வளவு கரிசனம் காட்டும் தாங்கள், வயதான பயணிமீதும் கொஞ்சம் காட்டினால் என்ன?

3. எமர்ஜென்சி கோட்டாவில் ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை இடம் போனது, யார் பரிந்துரையில் போனது என்பது, சார்ட் தயாரான மறுநாள் பொதுவில் வரட்டும். பயணி பெயர் வேண்டாம்; பரிந்துரைத்த பதவியின் பெயர் போதும்.

4. கடைசியாக, இதுதான் முக்கியம். நிமிடத்துக்கு 40 லட்சம் விசாரிப்புகளை வாங்கிக்கொள்ளும் இயந்திரத்துக்கு, எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கை மாதாமாதம் ஊர்வாரியாக வெளியிடுங்கள். விசைத்தறிக்காரர், பூ வியாபாரி, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று எங்கள் ஊரார் கூடுதல் வண்டி கேட்டு இனிக் கையெழுத்து வாங்கி அலைய வேண்டியதில்லை. மனுவை உங்கள் மென்பொருளே எழுதிவிடும். பதிலை மட்டும் நீங்கள் எழுதினால் போதும். அதை எந்த மென்பொருளின் வயதைக் காட்டியும் தள்ளிப்போட முடியாது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சங்கரன்கோவில் வெயிட்டிங் லிஸ்ட்வாசிகள்.