கடலடியில் ஒரு கூடைப்பந்து அரங்கம்

அமெரிக்காவில் பிள்ளையை உயர்நிலைப் பள்ளியில் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோரின் ஜாதகத்தில் இரண்டு கண்டங்கள் உண்டு. ஒன்று, பிள்ளைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. மற்றது ‘ப்ராம்’. முதலாவதில் உயிருக்கு மட்டும்தான் ஆபத்து.

ப்ராம் என்பது பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளுக்கு வசந்த காலத்தில் நடக்கும் நடன விருந்து. பையன்கள் வாடகைக் கோட்டில் வருவார்கள். பெண்கள் தரையைக் கூட்டிப் பெருக்கும் கவுனில் வருவார்கள். வசதியுள்ள பள்ளிகள் ஹோட்டலில் மண்டபம் பிடிக்கும். மற்றவை கூடைப்பந்து ஆடும் உள்ளரங்கத்திலேயே ஒப்பேற்றும். என் மகளின் பள்ளி இரண்டாவது ரகம். செலவுக்குப் பணம் திரட்டுவது பதினோராம் வகுப்பின் பொறுப்பு. கார் கழுவுவார்கள், டோனட் விற்பார்கள். கழுவப்பட்ட கார் என்னுடையது. டோனட்டைத் தின்றவனும் நான்தான்.

நடனத்தின்போது பெற்றோர் சிலர் காவலுக்கு நிற்கலாம் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தேன். மகள் யாரோடு ஆடுகிறாள் என்று வேவு பார்ப்பது என் நோக்கமல்ல. மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் காவலுக்கு ஆள் நிறைந்துவிட்டதாம். கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து அலங்காரக் குழுவில் தள்ளிவிட்டார்கள்.

முதலில் ‘தீம்’ முடிவாக வேண்டும். ‘பாரிஸில் ஓர் இரவு’ என்றது ஒரு கோஷ்டி. அதற்கு அட்டையில் ஈஃபில் கோபுரம் கட்ட வேண்டும். போன முறை கட்டியது பாதி நடனத்தில் சாய்ந்ததாம். ‘கிரேட் கேட்ஸ்பி’ என்றது இன்னொரு கோஷ்டி. 1925இல் வந்த அந்த நாவலை வகுப்பில் பாடமாகப் படிக்கிற பிள்ளைகள்தான். கதாநாயகன் கடைசியில் நீச்சல் குளத்தில் சுடப்பட்டுச் சாகிறானே என்று நான் ஆரம்பித்தேன். “அப்பா, ப்ளீஸ், நீங்க எதுவும் பேசாதீங்க” என்றாள் மகள். கடைசியில் ‘கடலுக்கடியில்’ ஜெயித்தது. இது தாத்தா காலத்துத் தீம். 1985இல் வந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில், 1955இல் நடக்கும் பள்ளி நடனத்துக்கும் கடலடிதான் ஜோடனை.

நம்மூர் கல்யாண மண்டபம் என்றால் அலங்காரக்காரரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு ஜவுளிக்கடைக்குப் போய்விடலாம். இங்கே எல்லாம் நாமே. அதிலும் சட்டதிட்டம் ஏராளம். சுவரில் ஆணி கூடாது. பெயின்ட் உரியாத நீல டேப்பைத் தவிர வேறெதுவும் ஒட்டக் கூடாது. ஜிகினாத் தூள் கூடவே கூடாது. ஹீலியம் அடைத்த சாதா ரப்பர் பலூன் ஏறக்குறைய ஒரு நாளில் இறங்கிவிடும் என்பதால், எல்லாப் பலூனையும் நடனத்தன்றே ஊத வேண்டும்.

தீயணைப்புத் துறை அதிகாரி வந்து துணியைத் தடவிப் பார்த்தார். சுலபத்தில் தீப்பிடிக்காது என்பதற்குச் சான்று கேட்டார். ரொம்பத்தான் கெடுபிடி என்று முணுமுணுத்தேன். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. 1942 நவம்பரில் பாஸ்டன் நகரில் ‘கோகனட் குரோவ்’ என்ற இரவு விடுதி எரிந்தது. செயற்கைத் தென்னையும் துணிக்கூரையுமாக வெப்பமண்டலத் தீவுபோல் ஜோடித்த இடம். வெளியேறும் கதவுகளில் சில பூட்டிக் கிடந்தன. 492 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் அலங்காரத்திலும் கதவிலும் சட்டம் இறுகியது. ஆகவே வெளியேறும் வழி காட்டும் பலகையை ஒரு பாசி இழைகூட மறைக்கக் கூடாது. எங்கள் கடலுக்கடியில் நான்கு திசையிலும் ‘எக்ஸிட்’ என்று எரிந்தது. மீன்களுக்கு வழி தவற வாய்ப்பே இல்லை.

பெரிய தலைவலி கூடைப்பந்து வளையம். 1975இல் ஜனாதிபதி ஃபோர்டின் மகள் சூசன் படித்த வகுப்புக்கு வெள்ளை மாளிகையிலேயே ப்ராம் நடந்தது. அவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. எங்கள் வளையத்தை என்ன செய்தாலும் அது வளையமாகவே தெரிந்தது. மகள்தான் வழி கண்டாள். வளையத்துக்கு மேலே வெள்ளைக் காகித விளக்குக் கூடு, அதைச் சுற்றி இளஞ்சிவப்பு க்ரேப் காகித நாடாக்கள், நுனியை விரலால் இழுத்து இழுத்துச் சுருள வைத்தாள். பார்த்தால் அசல் ஜெல்லி மீன்!

அவள் ஏணியில் நிற்க, நான் கீழே பிடித்துக்கொண்டு நாடா எடுத்துக் கொடுத்தேன். நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவளாகவே, “ஒரு பையன் பார்க்கிங்ல எல்லார் முன்னாடியும் அட்டை பிடிச்சு, ப்ராமுக்கு வரியானு கேட்டான்பா” என்றாள். ஏணி ஆடியது. “கெட்டியா பிடிங்கப்பா! வேணாம்னுட்டேன். ஃப்ரெண்ட்ஸோட கும்பலாத்தான் போறேன். ஆனா, பாவம், நல்லா வரைஞ்சிருந்தான்.”

அன்றிரவு பிள்ளைகள் வந்தார்கள், வாசலில் சிப்பிப் படுதா முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், உள்ளே போனார்கள். உடனே விளக்கை அணைத்துவிட்டார்கள். என் பாசியும் பவளமும் இருட்டில் போயின. மறுநாள் காலையில் எல்லாம் குப்பைப் பைக்குள். ஜெல்லி மீனைப் பார்த்தவர்கள் அதைச் செய்தவர்கள் மட்டும்தான்.

பெற்றோர்களே, ப்ராமுக்குக் கூப்பிட்டால் அவசியம் போங்கள். காவலுக்கு மட்டும் பெயர் கொடுக்காதீர்கள். அந்த இருட்டில் ஒன்றும் தெரியாது. ஏணி பிடிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். தெரிய வேண்டியதெல்லாம் மேலேயிருந்து தானாக வரும்.